தாய்மாமன் இலை

பந்தியில் மூக்குக் குழாயோடு ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், நீங்கள் சாப்பிடுவீர்களா, எழுந்து போவீர்களா?

அதியமான்கோட்டை சுகுணா இதை யாரிடமும் கேட்டதில்லை. கேட்கத் தெம்பில்லை. லாரி ஓட்டிய அவள் கணவன் பச்சியப்பனுக்குப் பக்கவாதம் வந்து, விழுங்க முடியாமல் போனது. மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் குழாயில்தான் இப்போது சாப்பாடு. கஞ்சி காய்ச்ச வேண்டும், அடித்து வடிகட்ட வேண்டும், அவனை நிமிர்த்தி உட்காரவைத்து சிரிஞ்சில் ஊற்ற வேண்டும், தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். கை துடைப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும்.

அவன் எதிரே சாப்பிட்டால் ஏக்கம் பிடிக்கும் என்பது உறவுக்காரர்களின் கண்டுபிடிப்பு. அதை நம்பி சுகுணாவும் மகளும் மாட்டுக்கொட்டகையில் நின்றபடி தின்றார்கள். அவன் சுவரைப் பார்த்துக் கிடந்தான்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் பூவிழிதான் அதட்டினாள். "கொழம்பு வாசனை வருது, ஆளுங்களக் காணோம். அதுதாங்க்கா ஏக்கம். அவரோட உக்காந்து சாப்பிடுங்க."

உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாளே பச்சியப்பன் குழறினான்: "கொழம்பு... அடி புடிக்குது." சுகுணா அடுப்புக்கு ஓடினாள். பிடித்துத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் அவன் தங்கை யுவராணியின் மகனுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். விருந்திலும் தாய்மாமன் சாப்பிடத் தொடங்காமல் முதல் பந்தியில் யாரும் இலையில் கை வைக்கக் கூடாது.

யுவராணி சொன்னாள்: "அண்ணி, அன்னிக்கு மட்டும் அந்தக் கொழாயைக் கழட்டிருங்க. மாமனார் வூட்டு சனம் பார்க்கும், போட்டோ வேற எடுப்பாங்க."

"நெனச்சப்ப கழட்டி மாட்ட அது என்ன கம்மலா?"

"அப்ப மடியில உக்கார வெச்சுக்கட்டும். பந்தி வேணாம். பின்னாடி ரூம் இருக்கு."

 இன்னொரு மாட்டுக்கொட்டகை என்று சுகுணா நினைத்துக்கொண்டாள்.

முனியப்பன் கோயிலில் காது குத்தி முடிந்தது. பந்தியில் தாய்மாமன் இலைக்கு முன்னால், பச்சியப்பனுக்குப் பதிலாக அவன் சித்தப்பா மகன் சின்னராஜ் உட்கார்ந்திருந்தான். சுகுணா சக்கர நாற்காலியை அங்கேயே தள்ளிக்கொண்டு போனாள்.

"எந்திரி சின்னராஜ். மாமன் வந்தாச்சு."

பரிமாறினார்கள். அவள் பிளாஸ்கைத் திறந்து கஞ்சியைச் சிரிஞ்சில் ஊற்றினாள். அது மெல்ல மெல்ல இறங்கியது. பந்தி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. காலையில் கெடா வெட்டியபோது ரத்தத்தைக் கண் கொட்டாமல் பார்த்த கூட்டம், ஒரு சிரிஞ்சுக் கஞ்சியைப் பார்க்கக் கூசியது. யுவராணியின் மாமனார் வீட்டார் இருவர் எழுந்தே போனார்கள்.

"வேகமா ஊத்தும்மா, பசிக்குது!" என்றது ஒரு குரல்.

"வேகமா ஊத்தினா வாந்தி வரும். அவருக்கும் இப்படித்தாங்க பசிக்கும்."

பச்சியப்பன் இலைமேல் குனிந்து முகர்ந்தான். "கறி... அடி புடிச்சிருக்கு."

யாரோ ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கைகள் இலைக்குப் போயின. யுவராணி வாளியோடு நின்றாள், தலை நிமிரவில்லை. சுகுணா சாப்பிட உட்கார்ந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. தோள் கடுத்தது. ஆனாலும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இப்படிச் சுவரைப் பார்த்துக் கிடக்கக்கூடும். அடுத்த விருந்துக்கு அவரை அழைத்து, உங்கள் பக்கத்திலேயே இலை போடுங்கள். அவர் வீட்டுக்காரி சூடாக ஒரு வாய் சாப்பிட, அந்தச் சிரிஞ்சைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.