பார்த்துப் பார்த்துக் கெடுத்த முட்டைகள்

அன்று பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, முட்டைகளைக் கொடுத்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, பெட்டிக்குள் சின்னக் கணினி பொருத்திக் கொடுத்த சுங்கைப் பட்டாணி ஊரில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் தம்பி. பெட்டி என்றால் குஞ்சு பொரிக்கும் பெட்டி. தோட்டத்து வீட்டின் அடுப்படிக்குப் பின்னால் அதை வைத்து, அக்கம்பக்கத்தாரின் கம்பத்து நாட்டுக்கோழி முட்டைகளைக் கூலிக்குப் பொரித்துக் கொடுக்கிறேன்.

இரண்டு மூன்று நாளில் பொரிய வேண்டியவை. எதிலும் அசைவில்லை என்று அக்கா ஒன்றை உடைத்துப் பார்த்தார். உள்ளே குஞ்சு முழுதாக இருந்தது. அசையவில்லை. அடுத்ததும் அப்படித்தான். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அதற்கு முந்தின நாள் நானும் மனைவியும் தஞ்சோங் டாவாயில் அவள் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். பெட்டியின் சூட்டைப் போனிலேயே பார்க்கலாம் என்றால் சும்மா இருப்பேனா? அங்கே லைன் மந்தம். சூட்டுக் கணக்கு பாதி வந்து நின்றுவிடும். நின்றதும் பயம் வரும். மறுபடியும் அமுக்குவேன்.

கடைக்காரத் தம்பி லேப்டாப்பைப் பெட்டியில் செருகிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“அண்ணே, நேத்து இத எத்தன தடவ தொறந்தீங்க?”

“ரெண்டு மூணு தடவ இருக்கும் தம்பி.”

“ரெண்டு மூணா?” என்றாள் மனைவி. “சோறு திங்கிறப்பகூட அமுக்கிக்கிட்டே இருந்தாரு லா. சார்ஜ் போனதும் என் போன வேற புடுங்கிக்கிட்டாரு.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“உள்ள ரெண்டு வேல நடக்குதுண்ணே,” என்றார் தம்பி. “சூட்டப் பாத்து ஹீட்டரப் போட்டு அடைக்கிறது ஒன்னு. அது நின்னா ஆபத்து. ஒங்க போனுக்குக் கணக்குக் காட்டுறது இன்னொன்னு. அது லேட்டா வந்தா யாருக்கும் ஒன்னும் ஆவாது. ரெண்டுக்கும் ஒரே எடத்துல சூட்டோட எண்ண வச்சிருந்தேன். நீங்க கேக்குறப்ப பாதியில எண் மாறிடக் கூடாதுன்னு அந்த எடத்தப் பூட்டிட்டுத்தான் அனுப்பும். ஒங்களுக்கு வந்து சேந்தாத்தான் பூட்டு தொறக்கும்.”

மந்தமான லைன். பூட்டிய கதவு. வெளியே ஹீட்டர் வேலை காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அது நின்ற நேரத்தில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க ஆளில்லை. சூடு ஏறிவிடுமோ என்று நான் பார்த்த பார்வைதான் சூட்டை ஏற்றியிருக்கிறது. படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவனுக்கும் இது புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் தேவலை.

“தப்பு என்னுதுதாண்ணே. அப்பிடிச் செஞ்சது நாந்தானே,” என்றார் தம்பி. பிடித்துக்கொள்ள நல்ல கயிறுதான். ஆனால் அவர் செய்து கொடுத்த மற்றப் பெட்டிக்காரர்கள் காலையில் ஒரு தடவை பார்ப்பதோடு சரியாம். அவர்கள் முட்டை எதுவும் கெடவில்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “முட்டய அடகாக்கச் சொன்னா, நீ போன அடகாத்திருக்க.”

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிறகுதான் அக்கா விஷயத்தைச் சொன்னார். தீபாவளிக்கு வளர்க்கக் குஞ்சு தருவதாகச் சொல்லி ஒருவரிடம் முந்நூறு ரிங்கிட் முன்பணம் வாங்கி, கூரைத் தகரம் மாற்றிவிட்டாராம். குஞ்சு இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும்.

“நான் குடுத்துடுறேங்க்கா.”

“ஒன்கிட்ட ஏது மொத்தமா? அந்தாள நான் சமாளிச்சுக்கிறேன். மாசாமாசம் குடு.”

தம்பி காசு வாங்காமல் பெட்டியைச் சரிசெய்துவிட்டுப் போனார். ஹீட்டர் வேலைக்கு இப்போது தனி இடம். அது யாருக்காகவும் நிற்பதில்லை. பக்கத்தில் சூட்டுக் கணக்குக்கு இரண்டு நகல்கள். என் போன் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தால் புதுக் கணக்கு மற்றதில் ஏறும். நான் பார்ப்பது கொஞ்சம் பழையதாக இருக்கலாம், ஆனால் பாதியில் மாறியதாக இருக்காது. இனி நான் எவ்வளவு பார்த்தாலும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது.

பணம் கொடுக்கப் போகும்போதெல்லாம் அக்கா கேட்கிறார்: “இன்னிக்கு எத்தன தடவ பாத்த?”

“ஒரு தடவதாங்க்கா,” என்கிறேன். அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூடப் பார்த்திருப்பேன். இந்த மாதத்தோடு நூற்றெண்பது கொடுத்தாயிற்று. பாக்கி நூற்றிருபது ரிங்கிட்.