கதவுக்குப் பின்னால் விட்ட கறை

ஊரில் அவளுக்கு டேப்பம்மா என்று பெயர். கல்லூரியில் வெள்ளத்தை ஆராய்கிறவள்; கைப்பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். பழைய பெருவெள்ளம் ஆற்றங்கரை அளவுகோலையே அடித்துக்கொண்டு போய்விட்டதால், தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதற்கு வீட்டுச் சுவர்க் கறைகள்தான் சாட்சி. அதற்காக வீடு வீடாகக் கதவைத் தட்டுவாள். "வீட்டுக் குழாய் ஒழுகறது கண்ணுக்குத் தெரியாது, ஊர் வெள்ளத்த அளக்கக் கிளம்பிடுவா" என்பார் கணவர். சொல்லிவிட்டு அவரே குழாயைச் சரிசெய்வார். நல்ல மனுஷன்.

காலப்போக்கில் எல்லாரும் வெள்ளையடித்துவிட, ஆற்றோரத் தையல்காரி வீட்டில் மட்டும் கறை மிஞ்சியது. "இத மட்டும் அழிச்சிடாதீங்கக்கா" என்று கேட்டுக்கொண்டு, தரையிலிருந்து கறைவரை அளந்து வந்தாள். அந்த அளவை நம்பித்தான் புதிய குழந்தைகள் மருத்துவமனைக்குத் தரைமட்டம் முடிவானது.

அஸ்திவாரம் போடும் வாரம். வீட்டுக் குளியலறைக்குப் புது டைல்ஸ் போட்ட கணவர், "தரை ஏறிடுச்சு, கதவு இடிக்குது, அடியில அறுக்கணும்" என்றார். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. தையல்காரி வீட்டுக் கதவும் அடியில் அறுத்ததுதான். வெள்ளத்துக்குப் பிறகு உயர்த்திய தரையிலிருந்து அளந்துவிட்டு, தரையின் உயரத்தை மட்டும் வெள்ளத்துக்கு முந்தைய பழைய வரைபடத்திலிருந்து எடுத்திருக்கிறாள். அப்படியானால் வெள்ளம் அவள் சொன்னதைவிட உயரம். குழந்தைகள் படுக்கிற இடமாயிற்றே என்று ஓடினாள். கறையிலிருந்தே மறுபடி அளந்தாக வேண்டும்.

போய்ப் பார்த்தால், தையல்காரி மகள் கல்யாணத்துக்காக வீடு முழுக்கப் புது பெயின்ட். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா இப்படி வேர்த்துப் போயிருக்கீங்க? உள்ள வாங்க" என்று கூட்டிப்போன தையல்காரி, அறைக்கதவைச் சாத்தினாள். அதன் பின்னால் ஒரு பாய் அகலத்துக்குப் பழைய சுவர் அப்படியே இருந்தது, கறையோடு.

"சம்பந்தியம்மாகூட கேட்டாங்க, இதென்ன அசிங்கமா விட்டிருக்கீங்கன்னு. கேட்டுட்டுப் போகட்டும். நீங்க சொல்லிட்டுப் போனீங்களே."

உயரம் பொறித்த தெருமுனை அளவுக்கல்லோடு ஒப்பிட்டு அளந்தபோது, அவள் முன்பு சொன்ன வெள்ள மட்டம் ஒரு சாண் ஏறியது. கட்டட வரைபடம் திருத்தப்பட்டு, மருத்துவமனைத் தரையும் ஒரு சாண் ஏறியது. தகவல் சொல்ல மறுபடி அந்த வீட்டுக்குப் போனாள் டேப்பம்மா. தையல்காரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இனிமே அந்தச் சுவருக்கும் பெயின்ட் அடிச்சுக்கலாமாம்மா?"

மறுநாள் காலையில் டேப்பம்மாவும் கணவரும் பெயின்ட் டப்பாவோடு அவள் வாசலில் நின்றார்கள்.