முப்பத்தெட்டில் மூன்று குறைவு

நேற்றுச் சாயங்காலம் மணியாச்சியிலிருந்து கோமதி போன் செய்தாள்.

"பெரியம்மா, முப்பத்தஞ்சு ஆயிட்டு. அதோட நின்னுட்டாவ. இன்னும் மூணு எட்டு வச்சா தெரு வந்துரும். வைக்க மாட்டேங்காவ."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குப் போனில் அதற்கு மேல் பேச வராது. நேரிலேயே வராது... போனில் எங்கே வரப் போகிறது?

எத்தனையோ வாரமாக இந்தப் பக்கத்தில் என்னென்னவோ எழுதியிருக்கிறேன். ரேஷன் கடை வரிசையை எழுதினேன். மூக்குக்கண்ணாடி தொலைந்ததை எழுதினேன். மாடத்தியை எழுதியதில்லை. நெருங்கின ஆளைப் பற்றி எழுதக் கூச்சம்தான். ஆனால் இப்போது எழுதாவிட்டால், அந்த மூன்று எட்டு என்னவென்று உங்களுக்குப் புரியாது.

மாடத்தி என் சிநேகிதி. கோமதி அவள் மகள். நானும் மாடத்தியும் கோவில்பட்டியில் ஒரே தீப்பெட்டி ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். மருந்தில் முக்குவதற்கு முன்னால், குச்சிகளைக் கட்டைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்குகிற வேலை. கை வேலை செய்துகொண்டே இருக்கும். வாய் சும்மா இருக்குமா? பந்தயம் கட்டுவோம். சாயங்காலத்துக்குள் யார் அதிகம் அடுக்குவது என்று. தோற்றவள் ஜெயித்தவள் சொன்னதைச் செய்ய வேண்டும். ஒரு தடவை நான் தோற்று, மேஸ்திரி முன்னால் சத்தமாகச் சிரித்துக் காட்ட வேண்டியதாகிவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பந்தயத்துக்குச் சட்டம் உண்டு. மருந்து தொடாத குச்சி ஒன்றை எடுத்து இரண்டாக ஒடிப்போம். ஆளுக்குப் பாதி. பந்தயம் தீரும்வரை கொண்டையில் சொருகி வைத்திருக்க வேண்டும். இன்னொன்று — கை மாற்றக் கூடாது. ஒரே ஒரு குச்சியை வேறு யாராவது அடுக்கிக் கொடுத்திருந்தாலும், அவள் கேட்கும் முன்னே நாம் சொல்லிவிட வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் இதில் மட்டும் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை. மற்றதில் ஏமாற்றியிருக்கிறோமா என்றால்... அது வேறு வாரம்.

நான்கு மாதத்துக்கு முன்னால் மாடத்திக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மணியாச்சியில், ரயில்வேயில் வேலை பார்க்கிற மருமகன் வீட்டில் இருக்கிறாள். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார் — இந்த ஆறு மாதம்தான் முக்கியம், இதற்குள் எழுந்து நடந்து பழகினால் கால் திரும்பும், படுத்தே கிடந்தால் அப்படியே போய்விடும் என்று. எக்சர்சைஸ் சொல்லித் தர ஒரு தம்பி வந்தார். அவரைத் திட்டி அனுப்பிவிட்டாள். மகள் கெஞ்சினாள். சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "எல்லாம் சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

கடைசியில் கோமதி எனக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏட்டி மாடத்தி, எந்திச்சு நாலு எட்டு வையேன்" என்றேன். அதைச் சொல்லவே எனக்கு வியர்த்துவிட்டது.

அவளுக்கு வாய் கொஞ்சம் கோணியிருந்தது. பேச்சு குழறியது. கிண்டல் மட்டும் குழறவில்லை.

"ஒனக்கென்னட்டி, ரெண்டு காலும் இருக்கு. சொல்லுதது லேசு. ஒஞ் சைக்கிள மிதிச்சு இங்கன வந்து நில்லு பாப்போம். நீ வந்தா நான் நடக்கேன்."

"மணியாச்சிக்கா?"

"பெறவு டெல்லிக்கா? கோமதி, ஏட்டி, ஒரு தீக்குச்சிய எடுத்து ஒடி."

போனுக்குள் 'டிக்' என்று கேட்டது.

நான் அடுப்படிக்குப் போனேன். தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை ஒடித்து, மருந்து இல்லாத பாதியைக் கொண்டையில் சொருகிக்கொண்டேன். அதற்கு அப்புறம்தான் மனதுக்குள் பயம் வந்தது.

எனக்கு வயது அறுபத்தாறு. சைக்கிள் எனக்குப் புதிதில்லை, ஆபீஸுக்குப் போக நாலு கிலோமீட்டர், வர நாலு கிலோமீட்டர். அதற்கு மேல் ஒரே மூச்சில் நான் மிதித்ததே இல்லை. மணியாச்சி முப்பத்தெட்டு கிலோமீட்டர் என்று சைக்கிள் கடை அண்ணாச்சி தன் போனில் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு என்னையும் பார்த்தார்.

"ஆரு போறா?"

நான் சைக்கிளை அவர் பக்கம் தள்ளினேன். அவராகவே புரிந்துகொண்டார். இரண்டு டியூபும் புதிதாகப் போட்டு, சக்கரத்தில் பால்ரஸ் குண்டு மாற்றி, சீட்டை இரண்டு விரல் உயர்த்திவிட்டார்.

என் மகன்தான் குதித்தான். "பொம்பளைகளுக்கு பஸ்ஸு ஓசிதானம்மா! ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"பந்தயம்டா" என்றேன்.

"அவிய படுக்கைல கெடக்காவ. ஒனக்குப் பந்தயமா?"

படுக்கையில் கிடப்பதால்தானே பந்தயம்? இதை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மூன்று வாரம் பழகினேன். முதல் நாள் ஐந்து கிலோமீட்டர். அப்புறம் எட்டு. ஆள் பார்ப்பார்களே என்று விடியும் முன்னே கிளம்பி, விடிந்ததும் வந்துவிடுவேன். பன்னிரண்டு போன அன்று இரண்டு முட்டியும் வீங்கி, இரண்டு நாள் நல்லெண்ணெய் போட்டு உட்கார்ந்திருந்தேன். விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் கொண்டை போடும்போதெல்லாம் அந்தப் பாதிக் குச்சி விரலில் குத்துமே... பதினெட்டு வரைக்கும் போய்ப் பார்த்தேன். அதற்கு மேல் சாமி விட்ட வழி.

கிளம்பின அன்றைக்கு முந்தின ராத்திரி நல்ல மழை. காலையில் வானம் தெளிந்திருந்தது. நாலுவழிச் சாலைப் பக்கம் போகாமல் உள்ரோட்டில் போனேன். இரண்டு பக்கமும் மக்காச்சோளம், உளுந்து. எதிர்க்காற்று இல்லை. ஏற்றம் வந்தால் இறங்கி உருட்டினேன். உருட்டுவது கை மாற்றுவது ஆகாது, என் கால்தானே? கடம்பூர் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. ஒரு டீ குடித்தேன். மாடத்திக்குப் பிடிக்குமே என்று போளி வாங்கி கேரியரில் வைத்தேன். சர்க்கரை வியாதிக்காரிக்குப் போளியா என்று யாரும் கடிதம் போடாதீர்கள். பாதிப் போளிதான் கொடுத்தேன்.

கடம்பூர் தாண்டி ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. அதில் இடுப்பளவு தண்ணீர். ஏழெட்டுப் பேர் பைக்கை நிறுத்தி நின்றிருந்தார்கள்.

"ஏலே, ஆச்சி ரேஸுக்குக் கெளம்பிட்டாவ டோய்!"

சிரித்தார்கள். ஒருவர் மட்டும், "நில்லுங்க ஆச்சி, மோட்டார் வந்துட்டிருக்கு, ஒரு மணி நேரத்துல எறைச்சிருவாவ" என்றார். நல்ல வார்த்தை. ஆனால் ஒரு மணி நேரம் அத்தனை ஆம்பளைகள் நடுவில், சைக்கிளும் கையுமாக நான் எப்படி நிற்பேன்? பக்கத்தில் ஒரு வண்டிப்பாதை மக்காச்சோளக் காட்டுக்குள் பிரிந்து போனது. சுற்றிப் போய் அடுத்த ரயில்வே கேட்டில் ஏறிவிடலாம். சைக்கிளைத் திருப்பி அதில் இறங்கிவிட்டேன்.

கரிசல் காட்டில் பிறந்தவள் இதைச் செய்யலாமா? மழை பெய்தால் மூன்று நாளைக்குக் காட்டுக்குள் சக்கரம் இறக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். மேலே பார்த்தால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். அடியில் மாவு பிசைந்து வைத்ததுபோல இருக்கும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் இறங்கினேன். கூச்சம் அறிவைவிடப் பெரியது.

இருநூறு அடி போகவில்லை, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பிச் சக்கரம் நின்றுவிட்டது. சோளத்தட்டையால் நோண்டினேன். தட்டை ஒடிந்தது. கருவேலங்குச்சியால் சுரண்டி ஒரு கைப்பிடி எடுத்தால், அடுத்த உருட்டலில் இரண்டு கைப்பிடி ஏறியது. செருப்பு ஒவ்வொன்றும் ஒரு படி அரிசிக் கனம். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிளை இழுத்தேன். தூக்கிப் பார்த்தேன். முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் வந்த வழியிலும் அதே மண்.

ஒரு மணி நேரம் இருக்கும். வெயில் ஏறிவிட்டது. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

அப்போதுதான் டிராக்டர் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும்.

"ஏ ஆச்சி, இந்த ஈரத்துல இங்கன எதுக்கு வந்திய? எந்த ஊரு?"

"கோவில்பட்டி."

"கோவில்பட்டிக்காரவியளா இப்படி எறங்குனிய!" என்று தலையில் கை வைத்தார். இறங்கி, என்னைக் கேட்காமலேயே சைக்கிளைத் தூக்கிப் பின்னால் வைத்தார். "ஏறுங்க. கேட்டு வரைக்கும் மூணு கிலோமீட்டரு. விட்டுருதேன்."

நான் ஏறவில்லை. நின்றேன். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? ஏறினால் பந்தயம் போச்சு. ஏறாவிட்டால் மணியாச்சியே போச்சு. கொண்டையைத் தொட்டுப் பார்த்தேன். குச்சி இருந்தது.

ஏறினேன்.

கேட்டில் இறக்கிவிட்டு, கால்வாய்த் தண்ணீரில் சக்கரத்தை அவரே கழுவிக் கொடுத்தார். மிச்சத்தை மிதித்தேன். முட்டி வலித்ததா என்று கேட்காதீர்கள். முட்டி நினைவிலேயே இல்லை. மூன்று கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று அதுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. யார் பார்த்தார்கள்? டிராக்டர்காரர் மணியாச்சிக்கு வந்து சாட்சி சொல்லவா போகிறார்? சொல்லாமல் விட்டால் மாடத்தி எழுந்து நடப்பாள். சொன்னால்?

ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கோமதி வாசலுக்கு ஓடி வந்து, "அம்மா, பெரியம்மா வந்துட்டாவம்மா!" என்று கத்தினாள். மாடத்தி கட்டிலில் கிடந்தாள். முகம் பாதியாகியிருந்தது. வலது கையை ஊன்றித் தலையைத் தூக்கி, சேறு படிந்த என் சேலையைப் பார்த்தாள். கண் ஒளிர்ந்தது. படுக்கையில் விழுந்ததிலிருந்து அவள் அப்படி ஒரு பார்வை பார்க்கவில்லை என்று கோமதி பிறகு சொன்னாள்.

அவள் வாயைத் திறக்கும் முன்னே சொல்லிவிட்டேன்.

"மூணு கிலோமீட்டர் கை மாத்திட்டேன்டி. மண்ணுல மாட்டி, டிராக்டர்ல வந்தேன்."

"அதெல்லாம் ஒரு கணக்காம்மா? இவ்வளவு தூரம் வந்திருக்காவ..." என்று கோமதி ஆரம்பித்தாள்.

"நீ சும்மா கெடட்டி" என்றாள் மாடத்தி. தலையைத் தலையணையில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தோற்றதற்காக அல்ல. என் வாயாலேயே அவளைக் கட்டிலில் கட்டிப்போட்டுவிட்டேனே என்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே, எப்போதும்போல!

மாடத்தி கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள்.

"மொத்தம் எம்புட்டு?"

"முப்பத்தெட்டு."

"மூணு போனா?"

"முப்பத்தஞ்சு."

"அப்ப முப்பத்தஞ்சு எட்டு நடக்கேன். அதுக்கு மேல ஒரு எட்டு கேட்டா வாரியலக் கொண்டு அடிப்பேன். புடிங்கட்டி என்னைய."

நானும் கோமதியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வாக்கரில் நிறுத்தினோம். இடது கால் தரையை விட்டு எழவில்லை. இழுத்தாள். உடம்பெல்லாம் ஆடியது. ஒன்று. அடுத்ததற்குப் பல்லைக் கடித்தாள். இரண்டு. அவ்வளவுதான், அப்படியே சரிந்துவிட்டாள். கட்டிலில் உட்கார வைத்தோம். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் பார்க்காத மாதிரி போளிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"ரெண்டு போச்சு" என்றாள் சுவரைப் பார்த்தே. "மூதி, போளிய என்ன பாத்துக்கிட்டு இருக்கே? கொண்டா."

திரும்பி வருவதற்குப் பந்தயம் இல்லை. மகன் வண்டி கொண்டுவந்து என்னையும் சைக்கிளையும் ஏற்றிப் போனான். வழியெல்லாம் திட்டினான்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கோமதி போனில் எண்ணிக்கை சொல்வாள். இரண்டு. மறுநாளும் இரண்டு. ஐந்து. ஒரு நாள் ஒன்றுமே இல்லை, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் ஒன்பது, பதினான்கு... நேற்று, ஒரே நடையில் முப்பத்தைந்து. வாக்கரைப் பிடித்து வாசல் நடைப்படி வரைக்கும் வந்து நின்றிருக்கிறாள். தெரு மூன்று எட்டு. வைக்க மாட்டாளாம்.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது பழம் வாங்கிப் போகிறோம், ஹார்லிக்ஸ் வாங்கிப் போகிறோம். யாராவது ஒரு வம்பு வாங்கிப் போகிறோமா? ஆறுதல் சொன்னவர்களெல்லாம் அவளை நோயாளியாகப் பார்த்தார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது, எதிரில் உட்கார்ந்து குச்சி அடுக்குகிற ஓர் ஆள்.

ஞாயிற்றுக்கிழமை கடம்பூர் வரை மகன் வண்டியில் கொண்டு விடுகிறேன் என்கிறான். அங்கே இறங்கி, அந்த மூன்று கிலோமீட்டரையும் மிதித்து அடைக்கப் போகிறேன். நடுவில் பெய்த மழையும் நின்று ஐந்து நாளாகிறது. மண் இறுகியிருக்கும்.

இறுகாவிட்டாலும் இந்தத் தடவை டிராக்டரில் ஏற மாட்டேன்... அவள் வாசல் நடையிலேயே நிற்கிறாள்.