கிடாரில் பட்ட பன்னீர்

எழுபதுகளில் நான் வாசித்த கிடார் இரவல். காரைக்குடியில் மெல்லிசைக் குழு நடத்திய ஓர் அண்ணனுடையது.

“பாலீஷ்ல தண்ணி பட்டா வெள்ளை பூத்துரும். பூத்துச்சுன்னா இங்குட்டு வராதே” என்று சொல்லித்தான் கொடுத்தார்.

வாசிக்கப் போன கண்டனூர்க் கல்யாண வீட்டு வாசலில் ஓர் ஆச்சி பன்னீர்ச் செம்பை உதறினார். என்னோடு கிடாரும் நனைந்தது.

“ஆச்சி, கிடாரு!”

“அதுவும் மணக்கட்டுமே, தம்பி!”

தேய்த்தால் கீறல் விழுமென்று வேட்டி நுனியால் ஒற்றி எடுத்தேன். வாசிக்கும்போதும் கண் கிடாரின் மேல்பலகையை விட்டு நகரவில்லை.

மறுநாள் அண்ணன் கிடாரை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை பூத்திருக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது. பிறகு மூக்கைக் கிட்டே கொண்டுபோனார்.

“என்னடா, மாப்பிள்ளைக்குத் தெளிச்சதை இதுக்கும் தெளிச்சாகளா?”

ஆச்சி சொன்னதைச் சொன்னேன். அண்ணன் சிரித்தார்.

“அடுத்த முகூர்த்தத்துக்கு உறை தைச்சுப் போட்டுக் கொண்டுபோ.”

வாசிக்கும்போது உறையைக் கழற்றத்தானே வேண்டும்? அந்த முகூர்த்தத்துக்கான பயம் அப்போதே பிடித்துக்கொண்டது.