வெயிலில் காயவைத்த பேக்கிங் பவுடர்

எங்கள் வீட்டில் சாமான் அறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். என் பயறில் வண்டு விழுந்ததாகக் குரும்பலூரில் ஒருத்தியும் சொல்ல முடியாது. மருமகள் கேக் செய்து விற்க ஆரம்பித்ததும், மைதா, கோகோ, பேக்கிங் பவுடர் எல்லாமும் என் பொறுப்புக்கு வந்தது.

போன ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. அஞ்சாம் நாள் சுள்ளென்று வெயில் வந்தது. துவரையைக் காயப்போடும்போதே மைதாவையும் பேக்கிங் பவுடரையும் மாடியில் வேட்டி விரித்துப் பரப்பினேன். ஈரம் போகட்டும் என்றுதான். சாயங்காலம் அள்ளும்போது பவுடர் கட்டி கட்டியாக இருந்தது. உள்ளங்கையில் தேய்த்து உடைத்து, டப்பாவில் கொட்டி மூடிவிட்டேன்.

மறுநாள் மருமகளுக்குப் பெரிய ஆர்டர். அவளுக்குப் பாடம் சொன்ன டீச்சர் ஓய்வு பெறுகிறார். பெரம்பலூரில் விழா, அஞ்சு மணிக்குக் கேக் போகணும். காலையில் அவள் சுட்ட கேக் அடை மாதிரி படுத்துக் கிடந்தது. இன்னொன்று போட்டாள். அதுவும் எழும்பவில்லை.

"ஓவன் கெட்டுப்போச்சு அத்தை. முடியாதுன்னு போன் பண்ணிடுறேன்" என்று கண்ணைத் துடைத்தாள். டீச்சர் முன்னாடி தலைகுனிவாகிவிடும் என்பதுதான் அவள் கவலை.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி ஓவனுக்குப் போயிருக்கும். ஆனால் செய்ததை ஒளிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"போன வை. அந்தப் பவுடர நாந்தான் வெயில்ல போட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். டம்ளரில் வெந்நீர் ஊற்றி, அதில் ஒரு ஸ்பூன் பவுடரைப் போட்டாள். ஓரத்தில் ரெண்டு குமிழி வந்தது, அவ்வளவுதான்.

"பொங்கணும் அத்தை. இதுக்கு உசுரு போயிடுச்சு."

"பயறுக்கு வெயிலு மருந்து. இதுக்கு எமனா?"

"மழக்காத்து ஈரத்துல தெறந்து கிடந்தாலே போச்சு. சூடும் ஆகாது. நல்லவேளை, நல்லா காயட்டும்னு தோசை மாதிரி திருப்பிப் போடாம விட்டீங்க."

பரணில் பிரிக்காத டப்பா ஒன்று வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். வெந்நீரில் போட்டதும் நுரை விளிம்பு வரைக்கும் ஏறியது. மூணு மணிக்குக் கேக் குப்பென்று எழும்பி நின்றது. டீச்சர் ரெண்டு துண்டு கேட்டு வாங்கினாராம்.

அன்று முதல் பவுடர் டப்பா அடுப்பை விட்டுத் தள்ளி, இருட்டு அலமாரியில். உலர்ந்த ஸ்பூன் தவிர எதுவும் உள்ளே போகாது. தேதி படிப்பது எனக்குச் சிரமம். அதனால் பிரித்த பிறகு வருகிற ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு கோடு என்று டப்பாவில் சுண்ணாம்பால் போடுகிறேன். ஆறு கோடு ஆனால் வெந்நீரில் போட்டுப் பார்ப்பேன், பொங்காவிட்டால் குப்பைக்கு.

சாவியை அவள் கேட்கவில்லை. "வெயில்ல போடறதுக்கு முன்னாடி மட்டும் என்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க" என்றாள். கேட்கிறேன். துவரைக்கு மட்டும் யாரையும் கேட்பதில்லை.