ஓடைக்கரைக் குறளி

பக்கத்து வீட்டுப் பிள்ளை செல்போனில் ஏதோ பேய்ப்படம் பார்த்துவிட்டு, பட்டப்பகலில் கொல்லைப்பக்கம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். "அட போடி, இதெல்லாம் ஒரு பேயா?" என்று சிரித்தேன். பேய் என்றால் எங்கள் ஏலமலைக் குறளி அல்லவா பேய்!

ஒரு சாண் உயரம்தான் இருக்குமாம். கூரைமேல் கல் எறியும், கொதிக்கிற உலையில் மண்ணை அள்ளிப் போடும். அதற்குப் பயந்து, தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருந்த லயத்தில் யாரும் முதல் கவளத்தை வாயில் வைக்க மாட்டோம். அதை ஏல இலையில் உருட்டி வாசற்கல்லில் வைத்த பிறகுதான் சாப்பாடு. நரி தின்றதோ நாய் தின்றதோ, காலையில் இருக்காது. அந்த மரியாதை எனக்குக்கூட அங்கே கிடைத்ததில்லை, போங்கள்.

ஐம்பதுகளில் மழை பொய்த்து, மலைக்குக் கீழே சிலமலை ஊரில் எங்கள் நிலம் காய்ந்து கிடந்த வருஷம் அது. தம்பி பள்ளிக்கூடம் போனான். எனக்குப் பத்து வயதிருக்கும், ஆத்தா என்னை ஏலக்காய் பறிக்கச் சித்தியோடு மலைக்கு அனுப்பினாள். "காய் முடிஞ்சதும் நானே வந்து கூட்டிக்கிட்டு வர்றேன் தாயி" என்றாள்.

காய் முடிந்தது. கூடப் பறித்தவர்கள் இறங்கிப் போனார்கள். ஆத்தா வரவில்லை. நானே போகிறேன் என்று சித்தியிடம் அழுதேன். "கீழ போற பாதையில ஓடை இருக்குல்ல, தனியா அதைத் தாண்டுனா குறளி புடிச்சுக்கிரும்டி. ஒங்காத்தா வந்து கூட்டிட்டுப் போனாத்தான் விடும்" என்றாள்.

பயம்தான். ஆனால் வீட்டு ஏக்கம் அதைவிடப் பெரிசு. என்ன செய்தேன் தெரியுமா? குறளிக்கு லஞ்சம் கொடுக்க ஆரம்பித்தேன்! என் பங்குச் சோற்றில் பாதியை ஓடைக்கரையில் வைத்து, "சாமி, என்னைய வெரசா விட்டுரு, ஆத்தாவப் பாக்கணும்" என்று கும்பிடுவேன். எலும்பும் தோலுமாகிப் போனேன்.

ஒருநாள் விடிந்ததும், ஏலமூட்டை சுமந்து இறங்கிய கழுதைகளின் பின்னாலேயே ஓடையைத் தாண்டிவிட்டேன். ஒரு கல்கூட விழவில்லை. நம்ம சோறு வேலை செஞ்சிருச்சு என்று குதித்துக்கொண்டே இறங்கினேன். அடிவாரத்துப் போடி டவுனுக்கு வந்து, அங்கிருந்து நடந்து, பொழுது சாய வீட்டு வாசலில் போய் நின்றேன்.

ஆத்தா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நின்றேன்.

"எப்பிடிடி வந்த? கொறளி கிறளின்னு பயங்காட்டி வைன்னு சித்திகிட்டச் சொல்லி விட்டேனே, அவ ஒண்ணும் சொல்லலையா?"

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது, மறைப்பானேன்? பஞ்சத்தில் அவள்தான் என்ன செய்வாள் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நானும் பெற்று வளர்த்துப் பார்த்துவிட்டேன். ஆறவில்லை. மறுநாளே என்னைச் சித்தப்பாவோடு மறுபடி மேலே ஏற்றிவிட்டாள்.

இப்போது அந்த ஓடைக்குப் பாலம் போட்டு ஜீப்பு போகிறது. லயம் இருந்த இடம் புல் மண்டிவிட்டதாம். குறளிக்குக் கவளம் வைக்கவும் ஆளில்லை. நான் அன்றைக்கே நிறுத்திவிட்டேன். குறளிதான் என்னைப் போகவிடாமல் மறிக்கிறது என்று நம்பின வரைக்கும், கீழே எனக்கு ஒரு வீடு இருந்தது.