ஃப்ரேமுக்குள் ஓடி வந்தவள்

நாங்கள் ஐந்து பேர். ராஜபாளையத்தில் ஒரே கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தோம். கலைவிழாவுக்கு ஒரு பாட்டு வீடியோ எடுத்துக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தோம். பாட்டை எழுதியவள் என் தோழி; ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். மெட்டுப் போட்டுப் பாடியவன் ஒருவன், கேமராவுக்கு ஒருவன், ஆடுவதற்கு ஒருத்தி. நான் டைரக்டர். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. எல்லோரையும் விட நான் சத்தமாகப் பேசுவேன், அதனால் நானே ஆகிக்கொண்டேன்.

தோழியின் வீட்டில் அனுமதி வாங்கப் போனதும் நான்தான். அவளுடைய அப்பா ராணுவத்தில், வடக்கே எங்கோ இருந்தார். அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் மனு, பத்திரம் எல்லாம் டைப் அடித்துக் கொடுப்பவர். எதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் நம்புவார்.

“எங்க வச்சு எடுக்கிய?”

“அய்யனார் கோவில் போற வழியில ஒரு மாந்தோப்பு அத்தை. கேமரா பிடிக்கவனோட மாமா தோப்பு. அதுக்குப் பின்னால ஓடை இருக்கு.”

“தண்ணி கெடக்கா?”

“கணுக்கால் அளவுதான் அத்தை.”

“எத்தன மணிக்குக் கொண்டாந்து விடுவ?”

“அஞ்சு மணிக்குள்ள நானே வந்து விட்டுட்டுப் போறேன்.”

“நீ சொல்லுதேன்னுதான் விடுதேன்” என்றார். அந்தச் சொல்லை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலையில் வெயில் நன்றாக அடித்தது. தோப்புக்குள் வண்டிகளை நிறுத்திவிட்டு, கேமராவையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினோம். அத்தையிடம் நான் சொன்னது பொய் இல்லை. தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம் போலத் தெளிவாக ஓடியது. நடு ஓடையில் யானை படுத்தாற்போல ஒரு பாறை. அதன் மேல் கேமராவை வைத்து மேற்கே பார்த்துத் திருப்பினால், வளைந்து வரும் ஓடை, அதற்கு மேல் இரண்டு பக்கமும் மரங்கள், அதற்கும் மேல் மலை. பாடுகிறவனும் ஆடுகிறவளும் பாறைக்கு முன்னால் தண்ணீரில் நிற்க வேண்டும். பாட்டு முழுவதையும் ஒரே ஷாட்டில் எடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

முதல் டேக்கில் அவனுக்கு வாயசைப்பு பிசகியது. இரண்டாவதில் அவள் வழுக்கி உட்கார்ந்தாள். மூன்றாவது நன்றாக வந்துகொண்டிருந்தபோது, மேலே வளைவிலிருந்து நாலைந்து பேர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளித்துவிட்டு இறங்கி வந்தார்கள். கேமராவைப் பார்த்ததும் நின்று சிரித்தார்கள். நாலாவது டேக்கிலும் யாரோ வந்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது.

“ஏட்டி, நீ போயி அந்த வளைவுல நில்லு. யாரு வந்தாலும் செத்த நேரம் பொறுங்கன்னு சொல்லு” என்று தோழியிடம் சொன்னேன்.

பாட்டு அவளுடையது. ஒவ்வொரு வரியும் எந்த முகபாவத்தோடு வர வேண்டும் என்று அவள்தான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைத்தான் ஆள் மறிக்க அனுப்பினேன்.  செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவள், கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

“மலையப் பாரேன். கறுத்துக் கெடக்கு.”

பார்த்தேன். உச்சியில் மேகம் அடைந்துதான் இருந்தது. எங்கள் தலைக்கு மேல் வெயில்.

“அது அங்கிட்டுப் பெய்யும். இன்னும் ரெண்டே டேக்கு” என்றேன்.

ஐந்தாவது டேக் கெட்டது. ஆறாவது தொடங்கியபோது ஸ்பீக்கரை முழுச் சத்தத்துக்கு வைக்கச் சொன்னேன். பாறை மேல் கேமராவுக்குப் பின்னால் குனிந்து, அதன் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாக வந்தது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதும் முடியப் போகிறது. அப்போது திரையில், பாடுகிறவனின் தோளுக்குப் பின்னால், வளைவிலிருந்து என் தோழி ஓடி வந்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசிக்கொண்டு, ஓடையின் நடுவிலேயே தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு வந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

நான் தலையைத் தூக்கிக் கத்தினேன். “ஏட்டி, வெளிய போ! ஃப்ரேம விட்டு வெளிய போ! கிறுக்கி!”

அவள் நிற்கவில்லை. மறுபடியும் கத்தினேன். பிறகுதான் கீழே தண்ணீரைப் பார்த்தேன். நிறம் மாறியிருந்தது. சருகும் குச்சியும் நுரையுமாக வந்து பாறையைச் சுற்றிக்கொண்டு போனது. சேற்று வாடை. கேமரா பிடித்தவன் பாட்டை நிறுத்தினான். அப்போதுதான் அந்த இரைச்சல் கேட்டது. லாரிகள் வரிசையாக மேடு ஏறுவது மாதிரி ஒரு சத்தம்.

“ஏறு, ஏறு!” என்று யார் கத்தியது என்று தெரியவில்லை. பாடுகிறவன் தாவிப் பாறையைப் பிடித்துவிட்டான். ஆடுகிறவளின் பாவாடை தண்ணீரில் இழுத்தது. அவள் மணிக்கட்டை நான் ஒரு பக்கமும் கேமரா பிடித்தவன் ஒரு பக்கமுமாகப் பிடித்துத் தூக்கினோம். அவள் முழங்கால் பாறையில் உரசித் தோல் கிழிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது வளைவில் செம்மண் நிறத்தில் தண்ணீர் நிமிர்ந்து நின்று வந்தது. என் தோழி கரையை நோக்கித் திரும்பினாள். ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால் போனாள். தண்ணீர் அந்தக் கல்லை மூடியது. பிறகு அவளைக் காணவில்லை.

பாறையில் நால்வரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு பக்கமும் தண்ணீர் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. கரை பதினைந்தடிதான் இருக்கும். கடல் மாதிரி இருந்தது. ஸ்பீக்கர் போய்விட்டது. பைகள் போய்விட்டன. கேமராவை மட்டும் அதைப் பிடித்தவன் சட்டைக்குள் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தான். போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் பாறையின் பாதிக்கு ஏறியது. கையால் அளந்தேன். இன்னும் நாலு விரல் ஏறியது.  

அவள் பெயரைச் சொல்லிக் கத்தினோம். இரைச்சல் எங்கள் சத்தத்தைத் தின்றது. தண்ணீரில் எது மிதந்து வந்தாலும் எட்டிப் பார்த்தேன். ஒரு கறுப்புத் துணி வந்தது. அது கிழிந்த சாக்கு. வெளிறிய ஒன்று கை மாதிரி நீட்டிக்கொண்டு வந்தது; அது பட்டை உரிந்த கிளை. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வேன். மூடினால் ‘நீ சொல்லுதேன்னுதான் விடுதேன்’ என்ற குரல் கேட்கும். மறுபடி திறப்பேன்.

“அவ ஏறியிருப்பா” என்று பாடுகிறவன் சொன்னான்.  பிறகு, “நீ பாத்தேல்ல? ஏறுனதப் பாத்தேல்ல?” என்று என்னிடம் கேட்டான். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது.

இரைச்சல் கேட்டுத் தோப்புக் காவல்காரர் ஓடி வந்தார். கரையில் நின்று, “ஏலே, யாரும் எறங்காதிய! அங்கனயே இருங்க! தண்ணி வடியும்!” என்று கையை விரித்துக் காட்டினார். நான் வளைவைக் காட்டி, ஒரு விரலைத் தூக்கி, இன்னும் ஓர் ஆள் என்று சைகை செய்தேன். அவர் முகம் மாறியது. மேற்கே ஓடி மரங்களுக்குள் மறைந்தார்.

எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். ஏறிய வேகத்திலேயே தண்ணீர் வடியத் தொடங்கியது. இடுப்பளவுக்கு வந்ததும் காவல்காரர் கிணற்றுக் கயிற்றோடு திரும்பி வந்தார். ஒரு முனையைக் கரை மரத்தில் கட்டி மறுமுனையை வீசினார். ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடித்துக் கரை சேர்ந்தோம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வளைவுப் பக்கம் பார்த்தேன்.

“அந்தக் கரையில ஒரு முனகல் கேக்குற மாதிரி இருக்கு. ஒத்தையா என்னால எறங்க முடியல. வாங்க” என்றார்.

முள்ளிலும் சேற்றிலும் ஓடினோம். வளைவுக்குக் கீழே, எதிர்க்கரையில், ஒரு மருத மரத்தின் வேர்கள் மண் அரித்து வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. அந்த வேர்களுக்குள் கையை முழங்கை வரை நுழைத்துக்கொண்டு அவள் கிடந்தாள். கால் ஒன்று இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டியிருந்தது. உதடு நீலமாக இருந்தது. கண் திறந்திருந்தது. காவல்காரரும் பையன்களும் கயிற்றோடு அக்கரைக்குப் போனார்கள். நானும் போனேன். கல்லைப் புரட்டி அவள் காலை எடுத்தபோது போட்ட சத்தத்தில்தான் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று எனக்கு முழுதாக நம்பிக்கை வந்தது.

அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள்.

“நான் கத்துனது கேக்கலையாட்டி?”

“பாட்டுச் சத்தம்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “நாங்க ஒன்னையப் பாக்கவே இல்ல” என்றும் சொன்னேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். ஐந்து மணி ஆகியிருந்தது. அவள் அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். முக்கால் மணி நேரத்தில், தோளில் பையோடு, வேலை பார்த்த கோலத்திலேயே வந்தார். விரல்களில் மை இருந்தது. நான் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் இருந்தது. அவரோ என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதான் தேடித் தூக்குனியளாமே. நல்லா இருப்ப தாயி” என்றார்.

ஓடையில் இருந்ததை விடப் பெரிய பயம் அப்போதுதான் வந்தது. அந்த ஆறாவது டேக் கேமராவுக்குள் இருந்தது. அவள் ஓடி வருவதும் இருந்தது. என் குரலும் இருந்தது.

கேமரா பிடித்தவன் அந்தக் கோப்பை எனக்கு அனுப்பி, “நீயே வச்சுக்கோ. நான் யாருக்கும் காட்டல” என்றான். நான் அதைத் திறக்கவில்லை. அழிக்கவும் கை வரவில்லை. வீட்டில் யார் என் போனைத் தொட்டாலும் பதறினேன். வாரத்துக்கு இரண்டு முறை ஸ்ரீவில்லிபுத்தூர் போய், காலில் கட்டோடு படுத்திருந்தவளுக்குப் பாடக் குறிப்புகளைக் கொடுப்பேன். அவள் வாங்கிக்கொள்வாள். சிரிக்க மாட்டாள். தெரிந்துவிட்டதோ, தெரிந்துவிட்டதோ என்று திரும்பும் பஸ்ஸில் வழி முழுவதும் மனசு அடித்துக்கொள்ளும்.

மூன்றாவது வாரம் தாங்க முடியாமல் போனை அவள் கையில் கொடுத்தேன். “இதப் பாரு” என்றேன். அவள் கடைசி வரை பார்த்தாள். சத்தத்தோடுதான் பார்த்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு அன்னைக்கே கேட்டுச்சு” என்றாள்.

“என்னது?”

“நீ வெளிய போன்னு கத்துனது. கிறுக்கின்னது. எல்லாம் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் ஓடியாந்தேன். நீங்க அம்புட்டுப் பேரும் தண்ணிக்குள்ளல்ல நிக்கிய.”

நான் அழுதேன். அவள் அழவில்லை.

“திட்டுனது பெருசில்ல. நீ எப்பவும் திட்டத்தான் செய்வ. பாக்கவே இல்லன்னு சொன்ன பாரு, ஏம் மூஞ்சியப் பாத்து. அதத்தான் தாங்க முடியல.”

அவள் அம்மா சமையற்கட்டு வாசலில் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நான் எழுந்து அவரிடமும் சொன்னேன். மலை கறுத்ததை அவள் காட்டியது, நான் கேட்காதது, அவள் ஓடி வந்தது, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும்.  நான் முடித்ததும் அவர் உள்ளே போனார். நான் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன்.  மூன்று வாரத்தில் முதல் தடவையாக அன்று இரவு தூங்கினேன்.

வீடியோவை நாங்கள் முடிக்கவில்லை. கலைவிழாவில் பாடுகிறவன் மேடையில் பாட்டை மட்டும் பாடினான். எழுதியவள் யார் என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் பாடினான். அவள் ஊன்றுகோலோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் போட்டிருந்தேன். அவள் அங்கே வரவில்லை. பரீட்சை முடிந்த அன்றுதான் அவளாக வந்து, “பஸ் ஸ்டாண்டுக்கு வாரியா?” என்று கேட்டாள். போனோம். வேறு எதையோ பேசினோம். அவள் அம்மாவுக்கு என்னோடு பேச இன்னும் ஒரு வருடம் ஆனது.

அவள் இப்போது மதுரையில் வேலை பார்க்கிறாள். நான் ராஜபாளையத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறேன். நாள் முழுவதும் ஹெட்போன் போட்டிருக்க வேண்டிய வேலை. இரண்டு காதையும் மூடினால் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும்; பின்னால் யாரோ கத்துவது போலவே இருக்கும். அதனால் ஒரு காதை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறேன். முதலாளி இரண்டொரு முறை கேட்டார். காது வலி என்று சொல்லியிருக்கிறேன்.